நாத்தனார் ஜீப்புக்கு ஒரு வின்ச்

மார்ச் 9

அன்புள்ள கப்பிக்கு,

உன் ஜீப் நலம். நானும் நலம். இந்த வரிசையில் எழுதினால்தான் நீ மேற்கொண்டு படிப்பாய்.

ஓர் அனுமதி வேண்டும். உன் ஜீப்பின் முன் பம்பரை அறுத்துவிட்டு அங்கே ஒரு வின்ச் பொருத்தலாமா? துறைமுகத்தில் கப்பலை இழுத்துக் கட்டுகிற உனக்கு வின்ச் என்றால் என்ன என்று விளக்குவது மீனுக்கு நீச்சல் சொல்லித் தருவது போல. ஆனாலும் இங்குள்ள வெல்டிங் கடைக்காரர் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு உருளை, அதுல ஒரு கயிறு, பாட்டரியில கரண்டு. அவ்வளவுதான் டாக்டரம்மா. வண்டி மாட்டிக்கிச்சுன்னா கயித்த எடுத்துட்டுப் போய் எதுலயாவது கட்டிட்டு பட்டன அமுக்குங்க. வண்டி தன்னைத்தானே இழுத்துக்கும்." தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் வண்டி என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. மனிதர்களில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஏன் இப்போது என்று கேட்பாய். ஏரிக்கரைப் பண்ணையில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. போகும் வழியில் சேற்றுப் பள்ளத்தில் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. பக்கத்துப் பண்ணைத் தாடிக்காரர் டிராக்டரோடு வந்து இழுக்கும்வரை மாட்டு டாக்டரான நான் சேற்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது பசுவைக் காப்பாற்ற முடிந்தது. கன்றை முடியவில்லை. பண்ணைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார். திட்டியிருந்தால் குடித்திருப்பேன்.

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணி, ஆனா அதுல ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது" என்று சாவியைத் தரும்போது நீ சொன்னது நினைவிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். போனில் கேட்டிருப்பேன். இங்கே உள்ள டவர் மலைக்கு அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது. இரண்டு பக்கத்தையும் பார்க்கிறவர் தபால் வண்டிக்காரர் ஒருவர்தான்.

உன் அண்ணனை விசாரித்ததாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணி

மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

முடியாது.

இதோடு நிறுத்தியிருப்பேன். தபால்தலை ஒட்டிவிட்டதால் தொடர்கிறேன்.

வின்ச் கனமான சாமான். அது உட்காரப்போவது வண்டியின் மூக்கு நுனியில். சேற்றில் முதலில் இறங்குவது மூக்குதான். ஆக, புதைந்த வண்டியை எடுக்க மாட்டுகிற சாமான் வண்டியை இன்னும் ஆழமாகப் புதைக்கும். அரசாங்கத் திட்டம் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு திரிவது மாதிரி.

அடுத்தது, கயிற்றை எதில் கட்டுவீர்கள்? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் புல் இருக்கிறது, மாடு இருக்கிறது, வானம் இருக்கிறது. மரம் இல்லை. மாட்டில் கட்டுவதாக உத்தேசமா? வண்டி வராது. மாடு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் துறைமுக விதி ஒன்று இருக்கிறது. கயிறு இறுகுகிறபோது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விசையருகில், இன்னொருவர் கயிறு தெரிகிற இடத்தில் ஒதுங்கி. விசையில் கை வைத்திருப்பவர் பேசக் கூடாது, யோசிக்கக் கூடாது, கயிற்றைப் பார்க்கக் கூடாது, சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். மூன்றே சொல்தான். "வரட்டும்" என்றால் இழு. "விடு" என்றால் தளர்த்து. "நில்" என்றால் நில். மற்றதெல்லாம் காற்றுச் சத்தம். ஒரு நாள் பெரிய அதிகாரி வந்து "கொஞ்சம் இழுங்கப்பா" என்றார். ஒருவரும் அசையவில்லை. அந்த வாக்கியம் எங்கள் அகராதியில் இல்லை. நீங்கள் அங்கே தனி ஆள். யார் சொல்ல, யார் இழுக்க?

உங்கள் கடிதத்தை அண்ணன் தற்செயலாகப் படித்துவிட்டார். என் மேஜை இழுப்பறைக்குள் மடித்து வைத்திருந்ததைத் தற்செயலாகப் படிப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. உங்கள் கணவர், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். படித்துவிட்டு, "பம்பர அறுக்கறாளா? அப்ப அவ வரப் போறதில்ல" என்றார். உங்கள் பணிக்காலம் இந்த வருடத்தோடு முடிகிறது என்று நான் நினைவுபடுத்தினேன். "காலி பண்ணப் போறவங்க வாடகை வீட்டுல ஆணி அடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளினிக்குக்கு இறங்கிப் போய்விட்டார்.

கப்பி

மார்ச் 29

அன்புள்ள கப்பிக்கு,

உன் அண்ணனுக்குச் சொந்தமாக வாய் இருக்கிறது. பல் டாக்டர், ஊரையெல்லாம் "வாயத் திறங்க, வாயத் திறங்க" என்று சொல்லிச் சொல்லித் தன் வாயைத் திறக்க மறந்துவிட்டார். நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று "ஜாக்கிரதை" என்றார். எனக்குச் சொன்னாரா, உன் ஜீப்புக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

மரம் இல்லை என்று சரியாகக் கண்டுபிடித்தாய். இந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரே மரம் தபால் ஆபீஸ் வாசலில் தொட்டியில் நிற்கிறது. ஆனால் மரம் இல்லாத இடத்தில் ஸ்டெப்னிச் சக்கரத்தைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டலாம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். வின்ச் வாங்குவதற்கு முன்பே அதைச் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. பள்ளம் தோண்டிச் சக்கரத்தைப் புதைத்து, மண்ணை மிதித்து, சங்கிலியின் மறுமுனையைத் தாடிக்காரரின் டிராக்டரில் மாட்டினோம். டிராக்டர் செருமியது. சக்கரம் கிழங்கு மாதிரி வெளியே வந்து அவர் வேலிவரை உருண்டது.

தாடிக்காரர் போய் அதை உருட்டிக்கொண்டு வந்தார். "இப்ப இந்தச் சக்கரத்தப் பிடிச்சுக்க இன்னொரு சக்கரம் புதைக்கணுமா டாக்டரம்மா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஒன்று யோசித்தாயா? நம்முடையது இழுக்கிற குடும்பம். நீ கப்பலை இழுக்கிறாய், அவர் பல்லை இழுக்கிறார், நான் கன்றை இழுக்கிறேன். என் தொழிலில் உன் மூன்று சொல்லும் கிடையாது. பசு முக்குகிறபோது இழுக்க வேண்டும், அது ஓய்ந்தால் கையை ஓய்க்க வேண்டும். தெரியாதவர்கள் பலத்தையெல்லாம் காட்டிச் சேதம் பண்ணிவிடுவார்கள். இழுத்தடிப்பதிலும் நம் குடும்பம் யாருக்கும் சளைத்ததில்லை. அனுமதி என்ன ஆயிற்று?

அண்ணி

ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

அனுமதி இல்லை. ஆனால் சக்கரம் எப்படி வெளியே வந்தது? நிமிர்ந்து வந்ததா, சாய்ந்து வந்ததா? பள்ளத்தின் சுவர் செங்குத்தாக இருந்ததா? சங்கிலி தரையை ஒட்டி வந்ததா, மேல்நோக்கி ஏறி வந்ததா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் ஆட்களிடம் சொன்னேன். இப்போது துறைமுகத்து மணல் குவியலில் ஆளுக்கொரு பழைய டயரைப் புதைத்துவைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கப்பல் காத்திருக்கிறது.

இன்னொரு செய்தி. நேற்று சாயங்காலம் கிளினிக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு நோயாளி நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடக்கிறார். அண்ணன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பல்லுக்கு அச்செடுக்கும் தட்டு நிறைய மாவைக் குழைத்து, பிடுங்கின பல்லையெல்லாம் அதில் நட்டு, நூலால் கட்டி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணா இது?"

"ஒண்ணுமில்ல. முன்பல்லுக்கு ஒரே வேர். சரியா இழுத்தா வந்துடும். கடைவாய்ப்பல்லுக்கு வேர் விரிஞ்சு நிக்கும். உயிர வாங்கும்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. சக்கரத்தப் புதைக்கறவங்க முன்பல்லப் புதைக்கறாங்க. கடைவாய்ப்பல்லப் புதைக்கணும். மூணு கடப்பாரைய விரிச்சு அடிச்சு, ஒண்ணோட ஒண்ணு சங்கிலி போட்டா நிக்கும்."

"அண்ணிக்கு எழுதட்டுமா?"

"உன் ஜீப்பு, உன் அண்ணி. எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

நாற்காலியிலிருந்து நோயாளி "ஆ" என்றார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

கப்பி

ஏப்ரல் 20

அன்புள்ள கப்பிக்கு,

சக்கரம் சாய்ந்து வந்தது. சுவர் சரிந்திருந்தது. சங்கிலி ஏறியிருந்தது. எல்லாத் தப்பும் செய்திருக்கிறேன், ஒன்றுகூட விடவில்லை.

கடைவாய்ப்பல் நின்றது. வெல்டிங் கடைக்காரரிடம் மூன்று கடப்பாரை இரவல் வாங்கி, விரித்து அடித்து, சங்கிலியால் பிணைத்து, தாடிக்காரரை இழுக்கச் சொன்னோம். கடப்பாரை அசையவில்லை. டிராக்டரின் சக்கரங்கள்தான் நின்ற இடத்தில் சுற்றின. சுற்றிச் சுற்றித் தமக்கென ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டு அதில் இறங்கிவிட்டன. தாடிக்காரர் இறங்கிப் பார்த்தார். "இது நல்லா இருக்கு" என்றார். கடப்பாரையைச் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு மூன்று பண்ணை ஆட்களும் வந்து தள்ளினார்கள். அப்போது ஒரு வின்ச் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லவில்லை, எல்லோரும் சொன்னார்கள்.

உன் கடிதத்தில் கடைவாய்ப்பல் வரும் பகுதியை மறுபடியும் படித்தேன். நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். அவரே எழுதியிருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கன்று ஈனும் பருவம் தொடங்கிவிட்டது. தாடிக்காரர் மந்தையையும் டிராக்டரையும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு மேல்காட்டுக்குப் போகிறார். இனி நான் பள்ளத்தில் இறங்கினால் கூப்பிட ஆளில்லை. இன்னொரு முறை ஒரு வீட்டில் பேசாமல் கொடுக்கும் தேநீரைக் கையில் வாங்க என்னால் முடியாது. உனக்கு மனமில்லை என்றால் ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். குதிரை வாங்கிக்கொள்கிறேன். குதிரையில் ஓட்டை போட வேண்டியதில்லை.

அண்ணி

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டுக்கொள்ளுங்கள்.

நான் முடியாது என்றது ஓட்டைக்காக இல்லை. நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் இங்கே ஒரு வடம் அறுந்தது. கிளம்புகிறவரிடம் எதற்கு என்று சொல்லவில்லை. வடம் அறுந்தால் முதலில் சத்தம் கேட்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். முதலில் ஆள் விழுகிறார், சத்தம் அப்புறம் கேட்கிறது. என் பக்கத்தில் நின்றவருக்கு இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை. இங்கே 'உட்கார்ந்த வேலை' என்பது ஒரு மரியாதைச் சொல். அந்தப் படத்தில் மரமில்லாத வெளியில் நீங்கள் தனியாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கயிறுதான் தெரிந்தது.

ஆகவே இரும்புக் கயிறு வேண்டாம், நைலான் போடச் சொல்லுங்கள். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரக் கம்பளியைப் போட்டுவையுங்கள். அறுந்தாலும் துள்ளாமல் கீழே விழும். இறுகின கயிற்றைத் தாண்டாதீர்கள், மாடே தாண்டினாலும். சொல்ல ஆள் இல்லாவிட்டால், வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, நீங்களே வாய்விட்டு "வரட்டும்" என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள். பைத்தியம் மாதிரி இருக்கும். கால் இருக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். திரும்பி வருகிறீர்களா, இல்லையா? இதைக் கேட்கச் சொன்னது அண்ணன் என்று எழுதக் கூடாது என்று அண்ணன் சொன்னார். ஆகவே எழுதவில்லை.

கப்பி

மே 8

அன்புள்ள கப்பிக்கு,

மாட்டியாகிவிட்டது. உன் ஜீப் இப்போது கீழ்ப்பல் துருத்திக்கொண்ட கிழவர் மாதிரி இருக்கிறது. நீ சொன்னதுபோல் மூக்கு தாழ்ந்துவிட்டது. முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக வைத்து வெல்டிங் கடைக்காரர் நிமிர்த்தியிருக்கிறார்.

பொருத்திய மூன்றாம் நாள் அதே ஏரிக்கரைப் பண்ணையிலிருந்து அழைப்பு, அதே பள்ளம். கடப்பாரைகளை விரித்து அடித்தேன். கம்பளியை நனைத்துப் போட்டேன். சுற்றிப் பார்த்தேன். ஒரு மாடு பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வாய்விட்டு "வரட்டும்" என்றேன். பைத்தியம் மாதிரிதான் இருந்தது. வண்டி முனகிக்கொண்டு ஏறி வந்தது. இந்தக் கன்று உயிரோடு வந்தது. பண்ணைக்காரர் இந்தத் தடவையும் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார். குடித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் திரும்பி வரவில்லை. இன்னொரு பணிக்காலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இங்கே நான் இல்லாவிட்டால் வேறு ஆள் இல்லை. உன் அண்ணன் சொன்னது சரி. நான் தங்கப் போகிறேன் என்று பம்பரை அறுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அறுத்த பிறகுதான் தெரிந்தது.

வாருங்கள் என்று அவருக்கு எழுத எனக்கு வரவில்லை. ஒரு தெருவே அவரை நம்பி வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஊன்றி நிற்கிறவரைப் பிடித்து இழுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பசு முக்காமல் இழுக்கக் கூடாது.

இதை அவருக்குப் படித்துக் காட்டாதே. இழுப்பறையில் வை. எப்படியும் தற்செயலாகப் படிப்பார்.

அண்ணி

மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

இழுப்பறையில் வைத்தேன். தற்செயல் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நோயாளி நாற்காலியில் அவரே சாய்ந்து படுத்து, தலைக்கு மேலே இருக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டார். "அங்க மாடு வச்சிருக்கறவங்களுக்கெல்லாம் பல்லு இருக்குமா?"

"இருக்கும்ணா. வலிக்கவும் செய்யும்."

"பல் டாக்டர்?"

"டவர் பாக்கற பக்கம் ஒருத்தர் இருக்காராம்."

"அப்ப இந்தப் பக்கம் யாரும் இல்ல" என்றார். நோயாளி எந்தப் பல் என்று கடைசியாகக் காட்டிவிட்டபோது அவருக்கு வருமே, அந்த முகம்.

அன்றிலிருந்து கிளினிக்கை அவருடைய ஜூனியர் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் நாற்காலியின் நீள அகலத்தை அளக்கிறார். முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கியிருக்கிறார், இரண்டும் இடது கால். மாற்றச் சொன்னால், "சேத்துல எது தெரியப் போகுது" என்கிறார்.

அண்ணி, அண்ணன் வரட்டுமா? இதை நீங்களே எழுதுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "எழுதினா அவ பதில் எழுதணும்ல. வேணாம்னு எழுதிட்டா?" என்கிறார். இத்தனை வருடம் மற்றவர்களிடம் "வலிக்காது" என்று சொல்லியே பிழைத்தவர். பதிலுக்கு ஒரு சொல் போதும். எது என்று உங்களுக்குத் தெரியும்.

அது வரும்வரை பொறுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதை நான் ஒட்டுகிற இந்த நிமிடம் தெருவில் அவர் கார் கூரைமேல் நாற்காலியை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். முடிச்சு தப்பு. போய்ச் சரி செய்ய வேண்டும்.

கப்பி

மே 26

அன்புள்ள கப்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அது சொன்ன ஆள் முந்திக்கொண்டார்.

தபால் வண்டிக்காரர் கதவைத் தட்டி, பள்ளத்துக்கு நடுவே பல் டாக்டர் நாற்காலி ஒன்று மிதக்கிறது என்றார். "அதுல ஒருத்தர் உக்காந்திருக்காரு டாக்டரம்மா. பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு. உங்களத் தெரியும்ங்கறாரு."

போனேன். கார் கதவுப் பிடிவரை உள்ளே போயிருந்தது. கூரைமேல் நாற்காலி அசையாமல் நின்றது. முடிச்சை நீ சரி செய்திருக்கிறாய். நான் ஜீப்பைக் கரையில் நிறுத்தி, அதன் பின்னால் மூன்று கடப்பாரையையும் விரித்து அடித்துப் பிணைத்தேன். இல்லாவிட்டால் ஜீப்தான் கார் இருக்கும் இடத்துக்குப் போகும். அவர் இரண்டு இடது காலோடும் கரையேறி வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"கடைவாய்ப்பல்லா?"

"ஆமா."

பிரிந்திருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கொக்கியை அவர் காரின் முன்னால் மாட்டினோம், கம்பளியை நனைத்துப் போட்டோம். அவரைக் கயிறு தெரிகிற இடத்தில் ஒதுங்கி நிற்கச் சொன்னேன்.

"நீங்க சொல்லணும். நான் அமுக்குவேன். மூணு சொல்லுதான்."

"தெரியும். தங்கச்சி மனப்பாடம் பண்ண வச்சிருக்கா."

விதிப்படி கயிற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டனில் விரலை வைத்தேன். சொல்லுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

"வரட்டுமா?"

அது உங்கள் அகராதியில் இல்லாத சொல். நான் அசையவில்லை.

"இல்ல, கார் இல்ல. நான் வரட்டுமா?"

விசையில் கை வைத்திருப்பவர் பேசக் கூடாது என்பது தெரியும். மீறிவிட்டேன், துறைமுகத்தில் யாரிடமும் சொல்லாதே. "வரட்டும்" என்றேன். சொன்னதுதான் தாமதம், விரல் அழுத்திவிட்டது.

முதலில் வந்தது அவர் காரின் பம்பர் மட்டும். அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டி இழுத்த பிறகுதான் கார் வந்தது. நாற்காலி இப்போது என் மருந்து அறையில் இருக்கிறது. முதல் நோயாளி தாடிக்காரர். மேல்காட்டிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கடைவாய்ப்பல்தான். வெகுநேரம் ஆயிற்று.

உன் அண்ணன் காரின் பம்பரை நிமிர்த்த வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படியும் அறுக்கத்தான் போறோம். இதுலயும் ஒண்ணு மாட்டிடலாமா?" என்று கேட்கிறார்.

யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணி